அம்மாவின் சைலன்ஸ்

பதுளையில், ஆஸ்பத்திரி வார்டில் பேச்சு கூடியதும் நர்ஸ் "சைலன்ஸ்" என்றார். அரைத்தூக்கத்தில் கிடந்த அம்மா சட்டென்று விரலை உதட்டில் வைத்தாள்.

நான் மனசுக்குள் சின்ன வயசின் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்குப் போய்விட்டேன். அப்பாவுக்குத் தேயிலை பெக்டரியில் ராத்திரி வேலை, பகலில்தான் தூக்கம். லயத்தில் வீடுகளுக்கு நடுவிலுள்ள சுவர்கள் கூரையைத் தொடாது. எங்கோ கரண்டி விழுந்தாலும் கடைசி வீடுவரை கேட்கும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை "சைலன்ஸ்!" என்று கத்தினால் வேலைக்கு நிற்கும் பெண்கள் வாயடைத்துப் போவார்கள். அதே சொல் அம்மாவின் வாயில் பனிபோல இறங்கும்.

"சைலன்ஸ்டா கண்ணு, அப்பா தூங்குறாருல்ல."

பக்கத்து வீட்டு அக்காமார் தண்ணீர் கொட்டும் பீலியின் வாயில் பழந்துணியைக் கட்டிவிடுவார்கள். தண்ணீர் துணியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் குடத்துக்குள் இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டே நானும் தூங்கிப்போவேன்.

"தண்ணி சொட்டுதுடா," என்றாள் அம்மா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறக்காமலே. "அப்பா எந்திரிச்சிருவாரு."

வார்டு மூலையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா செத்துப் பல வருசமாகிறது.

எழுந்துபோய், என் கைக்குட்டையைக் குழாயில் கட்டினேன்.