கழுவிய பாட்டிலில் இரும்பு

1. மூன்றும் ஒன்று

"லேபிளை மாத்தி ஒட்டியிருக்க. மறுபடியும் இப்படி வந்தா நான் கையெழுத்து போட மாட்டேன்!" கைடு மேடம் கத்தினார். திட்டு வாங்கியது ஆராய்ச்சி மாணவி ஜெனிஃபர். அந்த மாதம் தீசிஸ் போகாவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் போச்சு.

தாம்பரத்தில் ஒரு கல்லூரி மைக்ரோபயாலஜி லேபில் நான் டெக்னீஷியன். சாப்பாட்டில் இருக்கும் இரும்பும் கால்சியமும் குடல் பாக்டீரியாவை என்ன செய்கின்றன என்பதுதான் அவள் ஆராய்ச்சி. உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்பு பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே கெட்ட பாக்டீரியா அதைத் தின்று கொழுக்கும். நல்ல பாக்டீரியாவான லாக்டோபேசில்லஸுக்கு இரும்பு அவ்வளவாகத் தேவையில்லை.

பாக்டீரியா வளரும் சத்துக் கரைசலை, அதாவது மீடியாவை, மூன்று பாட்டிலில் வைத்தாள்: ஒன்றில் இரும்பு, ஒன்றில் கால்சியம், ஒன்றில் எதுவும் இல்லை. அதிலிருந்து ஒரு சொட்டைப் பிளேட்டில் போட்டு வளர்த்தால் மூன்றிலும் கெட்டதுதான், பிங்க் புள்ளியாக அப்பிக் கிடந்தது. மூன்றிலும் இரும்புதான், லேபிள்தான் மாறிவிட்டது என்று நானும் என் பங்குக்குத் திட்டினேன்.

2. செக்கச்செவேல்

"அண்ணா, பாட்டிலை எதுல கழுவுறீங்க?" ஜெனிஃபர் என்னிடம் கேட்டாள்.

"சோப்பு போட்டு போர் தண்ணியில. வேற எதுல, பன்னீர்லயா?"

"கடைசியா டிஸ்டில்டு வாட்டர்?"

"மெஷின் ரிப்பேர். இருக்கறது மீடியாவுக்கே பத்தல."

"சிட்லபாக்கத்துல எங்க வீட்டு போர் தண்ணியில பக்கெட்டே துருப் பிடிச்ச மாதிரி ஆயிடுது அண்ணா."

"என் பாட்டில் கண்ணாடி மாதிரி இருக்கு, போம்மா!"

அவள் போகவில்லை. நான் கழுவி வைத்ததில் ஒன்றை எடுத்தாள். கொஞ்சம் ஆசிட் ஊற்றிச் சுழற்றினாள். இரும்பு இருந்தால் சிவக்கும் தயோசயனேட்டை இரண்டு சொட்டு விட்டாள். ரத்தம் மாதிரி சிவந்தது!

"என்ன அண்ணா, உள்ள இரும்புக் கடையா வச்சிருக்கீங்க?"

எனக்குக் காது சுட்டது.

3. பிளேட் திறந்த காலை

நேராக மேடத்திடம் போனேன். "லேபிள் சரிதான் மேடம். பாட்டில்தான் தப்பு. கழுவினது நான்."

"இதை முன்னாடியே பாக்க மாட்டீங்களா?"

"பாக்கல."

பக்கத்து டிபார்ட்மென்டில் சண்டை போட்டு டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வந்தேன். ஒவ்வொரு பாட்டிலையும் ஆசிட்டில் ஊறவைத்து மூன்று முறை அலசினேன். ஜெனிஃபர் முதலிலிருந்து செய்தாள்.

பிளேட்டைத் திறந்ததும் நான் கத்தியே விட்டேன். இரும்பு போட்டதில் பிங்க் நெருக்கியடித்து நின்றது. எதுவும் போடாததில் எண்ணிவிடலாம்! கால்சியம் பிளேட்டில் லாக்டோபேசில்லஸ் கொஞ்சம்தான் கூடுதல். அதைப் பெரிதாக்காமல் அப்படியே எழுதினாள். மேடம் கையெழுத்து போட்டார்.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நம் கண்ணுக்குத் தெரியாத கறை பாக்டீரியாவுக்கு விருந்து. ரிசல்ட் கெட்டால் கழுவுகிறவனையும் கேளுங்கள். அவன் கத்துவான். விடாமல் கேளுங்கள்.