அக்கா மாற்றி மாட்டிய கம்பி

முலாம் பட்டறையில் அக்காவுக்குக் கை தப்பியது ஒரே ஒரு முறைதான். அதை எழுதினால் என்னோடு பேசவே மாட்டேன் என்று மிரட்டியிருக்கிறாள். அவளால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

சைக்கிள் மணி, கெட்டில், கதவுக் கைப்பிடி எல்லாம் எங்களிடம் அழுமூஞ்சியாக வந்து மினுக்கிக்கொண்டு போகும். தேய்த்துக் கழுவுவது நான். மற்றதெல்லாம் அக்கா. மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீர்த் தொட்டியில் செம்புத் தகட்டைப் பிளஸ் கம்பியிலும் பொருளை மைனஸ் கம்பியிலும் தொங்கவிடுவாள். தகடு கரையும், பொருளின் மேல் செம்பு படியும். அதன் மேல் நிக்கல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பாமல் சொல்வாள்.

அன்று காலை டிரம்பெட்காரர் வந்தார். வாய் வைத்து ஊதும் பித்தளைக் குமிழ் தேய்ந்து உதட்டைக் கிழிக்கிறதாம். சாயங்காலம் வாத்தியக் குழுவில் அவருக்குத் தேர்வு. மூன்று முறை தோற்றவர், இதுதான் கடைசி வாய்ப்பு. அதைக்கூடச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு கம்பிகளை மாட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தால், குமிழின் விளிம்பு கரைந்து மெலிந்திருந்தது. கம்பிகள் இடம் மாறியிருந்தன! பக்கத்தில் நின்ற டிரம்பெட்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"என் பித்தளையெல்லாம் போச்சா?"

"அதுல இருந்த செம்பு எங்கேயும் போகலைங்க, தொட்டியிலதான் இருக்கு," என்றாள் அக்கா. கை அதற்குள் கம்பியை மாற்றிவிட்டது. "ஒவ்வொரு அணுவும் ரெண்டு எலக்ட்ரானை விட்டுட்டு, பிளஸ் அயனியா மாறித் தண்ணியில இறங்கிடுச்சு. ரெண்டைத் திருப்பிக் கொடுத்தா மறுபடியும் செம்பா வந்து ஒட்டிக்கும்."

"என்கிட்ட இருந்தா நானே கொடுத்துடுவேனே!"

"மின்சாரம் கொடுக்கும். நீங்க உட்காருங்க."

"அப்போ மைனஸ் அயனின்னு சொல்றாங்களே, அது?"

"அதுகிட்ட எலக்ட்ரான் கூடுதலா இருக்கும். இந்தத் தொட்டியிலயும் உண்டு. வாங்கினதைத் திருப்பித் தராது, என் தங்கச்சி மாதிரி."

என் தலையை உருட்டாமல் அவளுக்குப் பாடமே நடத்த வராது. ஆனால் அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கு உயிர் வந்தது.

மத்தியானம் வரை அக்கா தொட்டியை விட்டு நகரவில்லை. விளிம்பு மெல்ல மெல்லத் தடித்தது. நிக்கலும் ஏறியபின் அவர் வாங்கி டிரம்பெட்டில் மாட்டி ஊதிப் பார்த்தார். வாய் பழைய இடத்தைத் தேடித் தடுமாறியது. மறுபடி ஊதினார். சத்தம் கணீரென்று தெருவுக்குப் போனது. அப்படியே தேர்வுக்கு ஓடினார். அக்கா அன்று சாப்பிடவே இல்லை.

மறுநாள் கதவைத் திறந்தால், வாத்தியக் குழுவின் சிவப்புக் கோட்டில் நிற்கிறார்! எனக்குக் கத்தத் தோன்றியது, கத்தியும்விட்டேன். அவர் கோட்டிலிருந்து ஒரு பட்டனைப் பிய்த்து அக்காவிடம் நீட்டினார்.

"இதுக்கு முலாம் போடணும்."

புத்தம் புதுப் பட்டன். முகம் பார்க்கலாம், அப்படி மின்னியது. அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"இதுல வேலை நிறைய இருக்கே," என்றாள். "நீங்க தினமும் வந்து பார்த்துட்டுப் போகணும்."