சகோதரிகள் பக்கம்

செத்தவர்கள் எழும்பி வருவார்கள் என்று நான் ஒருநாளும் நம்பினதில்லை. டென்மார்க்கில் பிராண்டே என்ற ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை, எத்தனையோ பேரின் உடம்பைக் கடைசியாகத் துடைத்து உடுப்பு மாற்றிவிட்ட கை இது. பயந்தாங்கொள்ளி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், மிச்சத்தை நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள்.

என் மனுசனுக்கு இருதயத்தில் அடைப்பு எடுத்த பிறகு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. டென்மார்க்கில் உள்ள உலகப் பாரம்பரிய இடங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டுமாம். இந்த நாட்டுக்கு வந்து காற்றாலைத் தொழிற்சாலையைத் தவிர எதைக் கண்டேன் என்பார். பாவம், உண்மைதான். எனக்கோ அவர் வழியில் எங்கேயாவது விழுந்துவிடுவாரோ என்ற பயம். அப்படித்தான் ஒரு சனிக்கிழமை, அந்தப் பட்டியலில் உள்ள கிறிஸ்டியன்ஸ்ஃபெல்டு என்ற சிற்றூருக்குப் போனோம். தேன் கேக் சாப்பிட்டுவிட்டு, நல்ல வெயிலில், அந்த ஊர்ப் பழைய கிறிஸ்தவ சபைக்காரரின் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தோம். எல்லாம் ஒரே மாதிரிக் கற்கள், நிலத்தோடு படுக்கவைத்திருக்கிறார்கள். நடுப்பாதைக்கு ஒரு பக்கம் சகோதரர்கள், மறுபக்கம் சகோதரிகள். எங்கள் பெந்தெகொஸ்தே சபையிலும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்தானே, ஒன்றும் பேசாமலே அவர் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் போய்விட்டோம். பழக்கதோஷம்.

கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து பார்த்தால் இவரோடு யாரோ ஒருவர் நடக்கிறார். கறுத்த கோட்டு. இல்லத்தில் நடக்க ஏலாதவர்களை நான் பிடிப்பதுபோல இவருடைய முழங்கையைப் பிடித்திருந்தார். நல்ல மனுசன், களைப்பைக் கண்டு உதவுகிறார் என்று நினைத்தேன்.

வாசலுக்கு இவர் தனியாகத்தான் வந்தார்.

"உங்களோட வந்த ஆள் எங்க?"

"என்னோட ஒருத்தரும் வரேல்லையே. உம்மட பக்கம்தான் ஒரு மனுசி நிண்டவ."

"என்ர பக்கமோ?"

"ஓம். கடைசி வரிசையில நிண்டு உம்மையே பார்த்தவ. பிறகு மெல்ல மெல்ல உம்மட பக்கமா வந்தவ. நீர் காணேல்லையே?"

திரும்பிப் பார்த்தேன். தோட்டத்தில் ஒரு சனம் இல்லை. கோட்டுக்காரரைப் பற்றி அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை, இவருடைய இருதயம் தாங்குமா?

அடுத்த மாதம் முடியுமுன்னே போய்விட்டார். காலையில் காலுக்குச் சப்பாத்துப் போடக் குனிந்தவர் நிமிரவில்லை. நான்தான் துடைத்தேன். அந்த முழங்கையைத் தொட மட்டும் மனம் வரவில்லை.

இப்போது மகள், அப்பா கடைசியாகப் பார்த்த இடத்துக்குப் போவோம் என்று டேனிஷில் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். நானும் ஒவ்வொரு சாட்டாகச் சொல்லித் தட்டிக்கழிக்கிறேன். அந்த மனுசி என் பக்கமாக எத்தனையாவது வரிசை வரைக்கும் வந்தாள் என்று அன்றைக்கே இவரிடம் கேட்டிருக்க வேண்டும். இனிக் கேட்க ஆளில்லை.