பி.ஏ. வீட்டில் ஒரு முதல் பட்டதாரி

கோவை கணபதியில் என் பட்டறையைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர்கள் போன வாரம் குடிவந்தவர்களாக இருப்பார்கள். ஒரே ஒரு லேத்தை வாடகைக்குப் பிடித்து ஆரம்பித்தேன். இன்றைக்குப் பதினான்கு ஓடுகிறது. இஞ்சினியரிங் முடித்தவர்கள் ஆறு பேர் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்கென்று சொல்ல வேறு நிறைய இருக்கிறது.

இப்போது சொல்ல வந்தது, என் கடைக்குட்டி மகள் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்ட கதை. மகன்கள் இரண்டு பேரும் பத்தாவதோடு படிப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பட்டறைக்குள் நுழைந்தவர்கள். இவள் அப்படி இல்லை. பட்டறைக்குப் போகும் பாதைக்காகப் பக்கத்து இடத்துக்காரரோடு எனக்கு ஒரு வழக்கு. எட்டு வருடமாக எங்கள் வக்கீல் கக்கத்தில் வைத்துச் சுமந்த வழக்குக் காகிதக் கட்டை, ஒன்பதாவது படிக்கும்போது இவள் ஒரு நாள் புரட்டிப் பார்த்தாள். "ஏனுங்ப்பா, இதுல போட்டிருக்கற சர்வே நம்பர் நம்முளுதே இல்லீங்களே" என்றாள். வக்கீலுக்கே வேர்த்துவிட்டது. அன்றைக்கு முடிவானது அவள் படிப்பு.

பிளஸ் டூ முடிந்ததும் ஐந்து வருடச் சட்டப் படிப்புக்கு ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்று மேற்பார்வை பார்த்தேன். பேர், பிறந்த தேதி, மார்க் எல்லாம் ஒழுங்காகப் போனது. ஒரு கேள்வியில் கை நின்றது. 'குடும்பத்தில் முதல் பட்டதாரியா?' வீட்டில் அதுவரை ஒருவரும் பட்டம் வாங்கவில்லை என்று தாசில்தார் ஆபீஸில் சான்றிதழ் வாங்கி வைத்தால் கட்டணத்தில் சலுகை உண்டு.

"இல்லீன்னு போட்டுரட்டுங்ளாப்பா? நீங்கதான் பி.ஏ. ஆச்சுங்களே."

அந்த பி.ஏ. வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரியவனுக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்தபோது பெண் வீட்டார் பக்கம் ஒவ்வொரு பேருக்கும் ஒரு வால் இருந்தது. எம்.எஸ்ஸி. என்கிறார்கள், பி.இ. என்கிறார்கள். எங்கள் பக்கம் எல்லாம் மொட்டை. "உங்க பேருக்குப் பொறவால என்னங்க போடறது?" என்று அச்சகக்காரர் கேட்டார். இருப்பதிலேயே சின்னதாக ஒன்று போடச் சொன்னேன். பேராசை என்னிடம் கிடையாது. பிறகு அது வீட்டு கேட்டில் ஸ்டீல் எழுத்தாக ஏறியது. நானே வெட்டி, நானே வெல்டு வைத்தது. கொரியர்காரர்கள் 'பி.ஏ. ஊடு' என்று விசாரித்து வரும் அளவுக்கு நிலைத்துவிட்டது. மகளும் அந்த கேட்டைப் படித்துத்தான் வளர்ந்தாள்.

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். அழுதுவிடுவாள் என்று பயந்தேன். அவளோ நாற்காலியிலிருந்து குதித்தாள்.

"அப்ப நம்மூட்டுல நாந்தான் மொதல் ஆளுங்களா?"

"கண்ணு, பீஸ் முழுசா நான் கட்டிப்போடறேன். நீ இல்லீன்னே போட்டுரு."

"வக்கீலாகப் போறவ மொதக் காகிதத்துலயே பொய் எழுதறதுங்களா? எனக்கு அந்த சர்ட்டிபிகேட் வேணுங்ப்பா."

கடைசித் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. இ-சேவை மையத்தில் பதிந்தோம். விசாரணைக்கு மனு வி.ஏ.ஓ. அம்மாவிடம் போனது. நான் போய் நின்றதும் அவர் பேனாவை மூடிவிட்டார்.

"ஏனுங்க, உங்க வீதிக்கு நேத்து வந்திருந்தனுங்க. கேட்டுலயே பி.ஏ.ன்னு மின்னுதுங்களே. டீக்கடையில கேட்டா, 'பி.ஏ. ஊடுங்களா?'ன்னு வழி காட்டறாங்க. நான் எப்படிங்க எழுதித் தர்றது?"

"அது சும்மாங்க அம்மணி. நான் அஞ்சாவதுங்க."

"சலுகைக்கு வர்றவங்க எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க. நாளைக்கு எவராச்சும் புகார் குடுத்தா எம்பட வேலை போயிருமுங்க. படிச்ச பள்ளிக்கூடத்துல எழுதி வாங்கிட்டு வாங்க. கேட்டையும் பாருங்க."

நாற்பது வருடமாகப் படித்தவன் மாதிரி நடப்பதற்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். படிக்கவில்லை என்று நிரூபிப்பது அதைவிடப் பெரும்பாடு. அன்று சாயங்காலமே கட்டிங் மெஷினை எடுத்து அந்த இரண்டு எழுத்தையும் அறுத்தேன். வெல்டிங் அவ்வளவு உறுதி. அறுக்கும் வீல் இரண்டு தேய்ந்தது. இன்றைய பையன்கள் வைத்த வெல்டாக இருந்தால் கையால் பிடுங்கியிருக்கலாம்.

நான் படித்தது பவானிக்குப் பக்கத்தில் ஒரு ஆரம்பப் பள்ளி. காரை எடுத்ததும் "நானும் வாரேன்" என்று என் வீட்டுக்காரி முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். தலைமை ஆசிரியை நல்ல மாதிரி. பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டி, விரலை ஓட்டி, என் பேரில் நிறுத்தினார்.

"நாலாவது பாஸ் பண்ணியிருக்கறீங்க. அஞ்சாவதுல நாப்பது நாள் வந்திருக்கறீங்க. அப்புறம் பேரை எடுத்துட்டாங்க."

என் வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பி.ஏ. டூப்பு என்பது அவளுக்குத் தெரியும். இது தெரியாது.

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எஸ்.எஸ்.எல்.சி.ன்னு சொன்னீங்களே?"

"நான் எங்க சொன்னேன்? எங்க மாமன் சொன்னாரு."

"பக்கத்துல உக்காந்து மண்டையை ஆட்டுனது ஆருங்க?"

ஆசிரியை குனிந்து சான்றை எழுத ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. திரும்பி வரும்போது பெருந்துறையில் டீ குடிக்க நிறுத்தினோம். அங்கே என் வீட்டுக்காரிக்குச் சிரிப்பு ஆரம்பித்தது, அவிநாசி வரைக்கும் ஓயவில்லை. "நான் எட்டாவதுங்க. நாலு கிளாஸு மேல படிச்சவளையா இத்தனை வருசமா அதிகாரம் பண்ணுனீங்க?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் வண்டி ஓட்டுவதில் கவனமாக இருந்தேன். வண்டி நன்றாக ஓட்டுவேன்.

மறுநாள் வி.ஏ.ஓ. ஆபீஸில் பட்டா மாற்ற வந்தவர், வாரிசுச் சான்று கேட்டு வந்தவர் என்று பத்துப் பேர் நின்றார்கள். அதில் எங்கள் தொழில் சங்கத்து ஆள் ஒருவர். வி.ஏ.ஓ. அம்மா பள்ளிச் சான்றைப் பார்த்தார். உறுதிமொழித் தாளை என் முன்னால் தள்ளினார். "படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க. படிக்க வராதுன்னா நான் படிக்கறனுங்க."

அவ்வளவு பேர் முன்னால் அப்படி ஒரு வார்த்தை. எழுந்து நின்றேன். பட்டறையில் பதினான்கு லேத்துக்கு மேல் கேட்கிற குரல் எனக்கு. "எங்கள் குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டப் படிப்பு முடித்தவரில்லை என உறுதி கூறுகிறேன்" என்று திக்காமல் படித்தேன். வெளியே மரத்தடியில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"ஏனுங்க, அப்ப அந்த பி.ஏ.?" என்றார் சங்கத்து ஆள்.

"அது கல்யாணப் பத்திரிகைங்க. இது கவர்மென்ட் காகிதம். எதுல எதை எழுதறதுன்னு ஒரு முறை இருக்குதுங்கல்ல?"

வி.ஏ.ஓ. அம்மாவே சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மேலே இரண்டு மேஜை தாண்டி, கடைசித் தேதிக்கு முந்தின நாள் மதியம் சான்றிதழ் வந்தது. மகள் அதைத் திரையில் விரித்துவைத்து உரக்கப் படித்தாள். அவள்தான் முதல் பட்டதாரி என்று அரசாங்கமே முத்திரையோடு எழுதியிருந்தது.

எனக்கு நியாயம் கேட்கத் தோன்றியது. "ஏங் கண்ணு, உனக்கு இன்னும் சீட்டே கெடைக்கல. அதுக்குள்ள பட்டதாரின்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நானும் முன்கூட்டியே போட்டுக்கிட்டேன். என்ன பெரிய வித்தியாசம்?"

"நான் படிச்சு முடிச்சுருவனுங்ப்பா" என்றாள், திரும்பாமல்.

சான்றிதழை ஏற்றினாள். அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று குத்தினாள். விண்ணப்பம் போய்விட்டது என்று திரையில் வந்தது. அடுத்து கட்-ஆப் பார்க்க வேண்டுமாம், கலந்தாய்வுக்கு எந்தெந்தக் கல்லூரி கேட்பது என்று எழுதி வைக்க வேண்டுமாம். சென்னையா, கோவையா என்று நான் ஒரு யோசனை சொல்ல வாயெடுத்தேன்.

"கொஞ்சம் அக்கட்டால நில்லுங்ப்பா" என்றாள். "வெளிச்சம் மறைக்குது."