கோழி ஒத்துக்கொள்ளாத சேர்மன்

வட ஐரோப்பியப் புறநகரான எல்லிங்ஸ்ருட்டில் குடியிருக்கும் இராசதுரை நிலக்கீழ் ரயில் ஓட்டுகிறவர். வீட்டில் எந்த விடயத்தையும் கூட்டம் போட்டுத்தான் தீர்ப்பார். 2006 மாசியில் அவர் கூட்டிய கூட்டம் பூனையின் வயிற்றைப் பற்றியது.

பூனையின் பெயர் சேர்மன். மகள் தர்மினி அதைக் கொண்டுவந்தபோது சரிவராது என்று சொன்னவர் அவர். இப்போது அது உறங்குவது அவர் மடியில்தான். அந்தக் குளிர்காலத்தில் சேர்மன் ஓயாமல் தன்னையே நக்கத் தொடங்கியது. வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு மயிர் கொட்டி, சிவந்த தோல் தெரிந்தது.

குளிரில் தோல் வறண்டுவிட்டது என்று முடிவு செய்த மனைவி சத்தியபாமா, தேங்காயெண்ணெய் பூசிவிட்டார். எண்ணெயின் ருசி சேர்மனுக்குப் பிடித்துப்போனது. அதுவரை நக்காத இடங்களையும் தேடித் தேடி நக்கியது.

மிருக வைத்தியர் எமிலி சீப்பால் வாரிப் பார்த்தார். தெள்ளுப்பூச்சி இல்லை. தோலைச் சுரண்டிப் பரிசோதித்தார். அதிலும் ஒன்றுமில்லை. ஏதோ ஒரு சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, எட்டு வாரத்துக்குத் தான் தரும் உணவைத் தவிர ஒரு துணுக்கும் கொடுக்கக் கூடாது என்றார். நக்காமலிருக்கக் கழுத்தில் பிளாஸ்ரிக் கூம்பும் மாட்டி அனுப்பினார். கூம்போடு சேர்மன் கதவுகளில் முட்டி, பின்பக்கமாக நடந்து, குத்துவிளக்கைத் தட்டி விழுத்தியது.

இராசதுரை கூட்டம் போட்டார். வேறெதுவும் கொடுப்பதில்லை என்ற தீர்மானத்தை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். மூவரும் கையெழுத்திட்டார்கள்.

ஐந்து வாரமாகியும் வயிறு மொட்டையாகவே இருந்தது. தாய் மீன் கொடுக்கிறார் என்று மகளும், மகள் சீஸ் கொடுக்கிறாள் என்று தாயும் சந்தேகப்பட்டார்கள். இராசதுரை இருவரையும் கடுமையாக விசாரித்தார்.

ஒருநாள் வகுப்பு நேரத்துக்கு முன்பே முடிந்து வீட்டுக்கு வந்த தர்மினி, அப்பா குழாயடியில் நிற்பதைக் கண்டாள். கறியிலிருந்து எடுத்த கோழித்துண்டு ஒன்றைப் பெருவிரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். காலடியில் கூம்பை மேலே நிமிர்த்தியபடி சேர்மன் காத்திருந்தது.

“அப்பா, என்ன செய்யிறியள்?”

“கழுவுறன்.”

“ஆருக்கு?”

அவர் கோழித்துண்டைப் பார்த்தார். “உறைப்பெல்லாம் போயிட்டுது, பிள்ளை. கழுவினால் அது சாப்பாடு இல்லையெண்டு நினைச்சன்.”

வேலை முடிந்து வந்ததும் தினம் ஒரு துண்டு, ஐந்து வாரமாக. அன்றைய அவசரக் கூட்டத்துக்குச் சத்தியபாமா தலைமை தாங்கினார். தர்மினி எமிலிக்குத் தொலைபேசி எடுத்தாள். எமிலி நடந்ததையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, கறியில் வெங்காயம் இருந்ததா, வெங்காயம் பூனைக்கு நஞ்சல்லவா என்று கேட்டார். தர்மினி அதைச் சொன்னபோதுதான் இராசதுரையின் முகம் கறுத்தது. சேர்மனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அன்று அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. நல்லகாலம், இரத்தப் பரிசோதனையில் கோளாறு எதுவும் இல்லை.

எட்டு வாரம் முதலிலிருந்து தொடங்கியது. ஆனி மாதம் வயிற்றில் பூனைமயிர் பஞ்சுபோல் அரும்பியது. உறுதிப்படுத்திக்கொள்ள எமிலி சொன்னபடி கொஞ்சம் அவித்த கோழி கொடுத்தார்கள். மூன்றாம் நாளே நக்கல் திரும்பியது. ஆகவே குற்றவாளி கோழிதான்.

சத்தியபாமா வீட்டில் கோழி சமைப்பதை நிறுத்திவிட்டார். இராசதுரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டோவ்னரிலுள்ள நண்பர் தர்மலிங்கத்தின் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறார். திரும்பி வந்ததும் கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். அப்படியும் சேர்மன் அவர் நெஞ்சில் ஏறி, மீசையை நெடுநேரம் மணந்து பார்க்கும்.