எர்சீலியா வீட்டுக் கண்ணாடி

இத்தாலிய மலையூரான காஸ்தெல்முர்ரோவுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். கோட்டைவாசல் வளைவு, அதன் உச்சியில் மூக்கு உடைந்த கல் சிங்கம், மாமனாருக்குப் பயந்து ஒரு பிரபு மூன்றாவது மாடியோடு நிறுத்திய கோபுரம் என்று எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். நாஸரேனோ மட்டும் சுவர்களைப் பார்ப்பார். ஊராட்சிக் கொத்தனார் அவர். ஊர் மலைமேல் உட்கார்ந்திருக்கிறது என்று மற்றவர்கள் சொல்வார்கள். அது மெல்ல வழுக்கிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

பெல்ஜியத்தில் ஆறு வருஷம் நிலக்கரி வெட்டிவிட்டு அவர் ஊர் திரும்பிய வருஷம்தான் பூகம்பம் வந்தது. விரிசல் விட்ட ஒவ்வொரு சுவரிலும் விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்துச் சாந்து பூசி, பக்கத்தில் தேதி கீறும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள். மண் அசைந்தால் சுவர் விலகும், கண்ணாடி உடையும். முப்பத்தோரு வருஷமாக வீடு வீடாகப் போய்ப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதிவந்தார். “டாக்டர் வந்துட்டாரு, எங்க சுவத்துக்கு ஜுரம் இருக்கான்னு பாருங்க” என்று கிண்டல் செய்யாத வீடு கிடையாது. அவரும் சிரித்துக்கொள்வார்.

அந்த நவம்பரில் மழை ஒன்பது நாள் விடவில்லை. பாதிரியாரின் பூட்டிய வீட்டில் ஒரு கண்ணாடி போயிற்று, எண்ணெய்ச் செக்கில் இன்னொன்று. நகரத்திலிருந்து வந்த இன்ஜினியர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, மூன்றாவது ஒன்று உடைந்தால் வளைவுக்கு மேலே ஆள் குடியிருக்கும் பதினொரு வீடுகளையும் காலி செய்து, ஜனங்களைக் கீழே தகரக் கொட்டகைக்கு அனுப்பிவிடுவோம் என்றார். ஊர் கலங்கிவிடும், இப்போதைக்கு வெளியே சொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். பதினொன்றில் ஒன்று நாஸரேனோவின் வீடு. மனைவி தெல்ஃபினாவிடம்கூட அவர் வாய் திறக்கவில்லை.

வியாழக்கிழமை மதியத்துக்குள் பார்த்த பத்து வீடுகளில் கண்ணாடி முழுசாக இருந்தது. பதினொன்றாவது, விதவை எர்சீலியாவின் சமையலறை. அங்கே உடைந்திருந்தது.

நாஸரேனோ பையைத் திறந்தார். பையில் புதுக் கண்ணாடி இருந்தது, சாந்தும் இருந்தது. பத்து நிமிஷ வேலை, ஒருத்தருக்கும் தெரியாது. சும்மா சொல்லக் கூடாது, அந்த ஆசை மனுஷனைப் பிடித்து ஆட்டத்தான் செய்தது. ஆனால் மலை நிஜமாகவே நகர்ந்திருந்தால் இந்த அம்மாள் தலையில் அல்லவா கூரை விழும்? மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். சுவர் இழுத்தால் விரிசல் போன வழியே நேராகப் பிளக்கும். இது நடுவில் ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் தெறித்திருந்தது.

“எர்சீலியா, இதை யாரு அடிச்சது?”

“யாரு அடிப்பா? மலைதான். பேய் மழை பெய்யுதில்ல?” அவள் திரும்பாமல் பாத்திரம் துலக்கினாள்.

“மலை இப்படி உடைக்காதும்மா.”

“ஓ, மலை உங்ககிட்ட சொல்லிட்டு உடைக்குமாக்கும்!”

“இந்தா பாரு, விளையாடாத. இது மூணாவது. மலைன்னு நான் எழுதினா சாயங்காலமே பதினோரு வீடும் காலி. நீயும் போகணும், நானும் போகணும்.”

அவள் கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டியில் விழுந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்தது உள்ளறைக் கதவுதான். அவள் கொழுந்தன் ஜெர்வாஸோ, கழுத்தில் துண்டோடு தலையை நீட்டினார்.

நாஸரேனோ தன் கண்ணையே நம்பவில்லை. தன் அண்ணன் சவப்பெட்டிக்கு எர்சீலியா மட்டமான மரம் வாங்கினாள் என்று ஜெர்வாஸோ சொல்லப்போக, இவன் என் வாசல் மிதிக்கக் கூடாது என்று கோயில் படியில் நின்று அவள் சத்தியம் செய்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஊரே சாட்சி.

“சூப்புல உப்பு இல்லைன்னு சொன்னேன்ப்பா, அவ்ளோதான். பூண்டு இடிக்கிற சின்ன உலக்கையைத் தூக்கி வீசிட்டா. நான் குனிஞ்சேன், அது அங்க பட்டுது.”

“உன் மண்டையில பட்டிருக்கணும்,” என்றாள் எர்சீலியா.

“வியாழன்தோறும் இங்கதான் சாப்பாடு. ஏழு வருஷமா,” என்றார் ஜெர்வாஸோ.

நாஸரேனோவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் நீரும் வந்தது. ஆனால் உலக்கை என்று எழுதினால் இன்ஜினியர் சாட்சிக் கையெழுத்து கேட்பார். அந்தத் தாளை வளைவில் ஒட்டுவார்கள். யார்மேல் வீசினாள் என்பதை ஊர் முழுக்கப் படிக்கும். அதை அவளிடம் அவர் மறைக்கவில்லை.

எர்சீலியா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பேனாவை வாங்கினாள். “சிரிக்கிறவங்க அவங்கவங்க வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே சிரிக்கட்டும்,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் மழை விட்டது. இன்ஜினியர் வந்து அளந்து பார்த்தார். விரிசல் மயிரிழைகூட விலகவில்லை. யாரும் போக வேண்டாம் என்றார்.

நாஸரேனோ மலையையே இறக்கிவைத்தவர் போல வீட்டுக்கு வந்தார். நடந்ததையெல்லாம் கொட்டினார். தெல்ஃபினா படுக்கையறைக் கதவைத் திறந்து காட்டினாள். மெத்தை, கம்பளி, கல்யாணப் போட்டோ எல்லாம் மூட்டையாகக் கட்டி வைத்திருந்தது.

“உனக்கு யாரு சொன்னது?”

“நாலு நாளா உங்க மூஞ்சிதான்.”

அவர் மண்டியிட்டு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். இறுகிப்போயிருந்தது. பேனாக்கத்தியை எடுத்தார்.

“ஐயோ, நல்ல கயிறுங்க அது!”

“போகட்டும்டி,” என்று அறுத்தார்.