செத்தவர் கலியாண வீட்டில் நின்ற படம்

படம் பார்க்கும்போது பிழை பிடிப்பது எனக்கு ஒரு வியாதி. அறுபதுகளில் ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு குடியேற்றத்திட்டத்தில் நீர்ப்பாசன ஓவசியராக இருந்தேன். வாய்க்கால் கட்டில் அரை அங்குலம் பிசகினாலும் என் கண் நேரே அதில்தான் போய் நிற்கும். அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டுப் படம் பார்க்க எனக்குத் தெரியவில்லை. அதில் எனக்கிருந்த பெருமையும் கொஞ்சநஞ்சமில்லை. "காசு குடுத்துப் போய்ச் சண்டை பிடிச்சிட்டு வாறியள்" என்பாள் என் மனைவி.

ஒட்டுசுட்டானில் ஒரு கூடாரக் கொட்டகை போட்டிருந்தார்கள். படம் ஓட்டுவதற்கு ஒரே ஒரு மிசின். ஒரு றீல் முடிந்ததும் விளக்கைப் போடுவார்கள். அடுத்த றீலை மாட்டும்வரை சனம் கடலை கொறித்துக்கொண்டு கதைக்கும். அங்கே ஒரு துப்பறியும் படம் வந்தது. முதல் நாள் நல்ல மழை. எனக்கு மதகடியில் வேலை. இரண்டாம் நாள்தான் போனேன்.

கதை பெரிய கதை இல்லை. ஒரு பணக்கார வீட்டுக் கலியாணம். அங்கே வந்த வில்லன் நகைப்பெட்டியில் கண் வைக்கிறான். பிறகு ஒரு சண்டையில் அவன் கையில் வெட்டு விழுகிறது. கட்டுப்போட்ட கையோடு வந்து அலுமாரியை உடைக்கிறான். தடுக்க வந்த கணக்கப்பிள்ளையைக் கொல்லுகிறான். துப்பறிகிறவர் கடைசியில் அவனைப் பிடிக்கிறார். நான் அவரை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே தொங்கிய மணிக்கூடு காலையிலும் நாலு பத்து காட்டியது; இரவிலும் நாலு பத்து காட்டியது. கொட்டும் மழைக்குள்ளால் வந்தவரின் கோட்டில் ஒரு சொட்டு ஈரமில்லை. மறுநாள் விடிந்ததும் கந்தோரில் நாலு பேரைக் கூட்டி வைத்து இதையெல்லாம் அளந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் ஊர்த் தலைமைக்காரரான விதானையார் ஆள் அனுப்பினார்.

படம் தொடங்கிய முதல் நாள் மாலை எங்கள் திட்டத்தில் ஒரு களவு நடந்திருந்தது. மிளகாய்த் தோட்டம் செய்த ஒருவரின் நீரிறைக்கும் மிசினை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவரும் குடும்பமும் மழையென்றும் பாராமல் வண்டில் கட்டிப் படத்துக்குப் போயிருந்த நேரம். எங்கள் திட்டத்தில் இருந்து அன்றைக்குப் போனது அந்த ஒரு குடும்பம்தான். கடன்பட்டு வாங்கிய மிசின். மனுசன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

சந்தேகம் விழுந்தது கொக்கிளாய்ப் பக்கத்தில் இருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவரும் ஒருவர்மேல். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை போட்ட கறுப்புக் கயிறு. களவு நடந்த அன்று மத்தியானம் அந்த வீட்டில் கருவாடு விற்றுவிட்டு, கிணற்றடியில் நின்று மிசினைக் கனநேரம் பார்த்தாராம். பின்னேரம் தானும் படத்துக்குப் போனதாக அவர் சொன்னார். ஆனால் அவரைக் கொட்டகையில் கண்டவர் ஒருவரும் இல்லை. வெளியூர் ஆளின் முகம் யாருக்குத் தெரியும்?

விதானையார் வளவில் வேப்பமரத்துக்குக் கீழே முப்பது பேர் நின்றார்கள். எனக்கு மட்டும் கதிரை போட்டார்கள்.

"ஓவசியர் படத்தைக் கரைச்சுக் குடிச்சவர். நீ கதையைச் சொல்லு. பாத்தனியோ இல்லையோ எண்டு அவர் சொல்லுவார்" என்றார் விதானையார் கருவாட்டுக்காரரிடம்.

அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தொடங்கினார். வியர்த்து வழிந்தது. தொடக்கம் சரியாகத்தான் இருந்தது. பிறகு, "கையில கட்டுப் போட்டுக்கொண்டு வந்து ஒருத்தன் அலுமாரியை உடைச்சவன், ஐயா. கணக்கப்பிள்ளையையும் கொலை செய்துபோட்டான்" என்றார்.

"பிறகு?" என்றேன்.

"பிறகு கலியாண வீடு. அவன் பந்தியில இருந்து சாப்பிட்டவன்."

"கையில கட்டிருந்ததோ?"

அவர் யோசித்தார். "இல்லை ஐயா. கட்டைக் காணேல்லை."

"சோறு போட்டது ஆர்?"

"கணக்கப்பிள்ளை" என்றார். சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார்.

"செத்த கணக்கப்பிள்ளையோ?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். வெட்டு எப்போது விழுந்தது என்று கேட்டேன். கலியாணத்துக்குப் பிறகுதான் சண்டையும் வெட்டும் என்றார். காயத்துக்கு முன்னமே கட்டு! எனக்கு அப்போது எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்பதை இன்றைக்கு எழுதவே கூசுகிறது. கடைசியாக ஒரு கேள்வியையும் போட்டேன்.

"சுவரில ஒரு மணிக்கூடு கிடந்ததே, அதில எத்தினை மணி?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார். கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இந்தாள் படம் பாக்கேல்லை. ஆரிட்டையோ கேட்டுக்கொண்டு வந்து தாறுமாறாச் சொல்லுறார்" என்றேன்.

மிசினைப் பறிகொடுத்தவரும் அங்கேதான், எனக்கு நேர் எதிரே, தோளில் கிடந்த துவாயை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். மத்தியானம் பொலிஸ் ஜீப் வந்து கருவாட்டுக்காரரை ஏற்றியது. மறுநாள் காலை வவுனியாக் கோட்டில் நீதவான் முன்னால் நிறுத்துவார்கள் என்றார்கள். அவருடைய சைக்கிள் வேப்பமரத்தில் சாத்தியபடி கிடந்தது. கரியரில் பாதி விற்காத கருவாட்டுக் கூடை.

அன்று பின்னேரம் கொட்டகையில் படம் ஓட்டும் ஒப்பரேட்டர் எங்கள் வேர்க்சொப்புக்கு வந்தான். அவர்களின் ஜெனரேட்டர் பெல்ட் அறுந்துவிட்டதாம். பெல்ட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தபடி, காலையில் நான் ஆளை மடக்கிய கதையை விலாவாரியாகச் சொன்னேன். செத்தவர் பந்தி பரிமாறிய இடத்துக்கு வந்தபோது அவன் சிரிக்கவில்லை. பெல்ட்டைக் கீழே வைத்தான்.

"அந்தாள் எந்த நாள் படம் பாத்தவராம்?"

"முதல் நாள்."

"ஐயா, முதலாளியின்ரை காதில விழாமப் பாத்துக்கொள்ளுங்கோ. என்ரை சீட்டுக் கிழிஞ்சுபோம்" என்று தொடங்கினான். யாழ்ப்பாணத்தில் ஒரே படத்தை இரண்டு கொட்டகைகள் பகிர்ந்து ஓட்டியிருக்கிறார்கள். ஒன்றில் முடிந்த றீலைச் சைக்கிளில் மற்றதுக்குக் கொண்டு ஓடுவார்கள். அந்த ஓட்டத்தில் ஆறாம் றீல் ஒன்பதின் தகரப் பெட்டிக்குள்ளும், ஒன்பது ஆறின் பெட்டிக்குள்ளும் போய்விட்டன. கலியாணமும் சண்டையும் ஆறில்; கொலை ஒன்பதில். படம் வந்து சேர்ந்ததே பின்னேரம்; அவன் பெட்டி இலக்கத்தை மட்டும் பார்த்து ஓட்டிவிட்டான். "மழையெண்டபடியாச் சனம் குறைவு. ரெண்டு மூண்டு பேர் கூக்காட்டினவை. மிச்ச ஆக்கள் படம் இப்பிடித்தானாக்கும் எண்டு பாத்திட்டுப் போட்டினம். அடுத்த நாள் நான் மாத்திப்போட்டன்."

கட்டுப்போட்ட கை, செத்த கணக்கப்பிள்ளை, கலியாணம், பிறகு வெட்டு. கருவாட்டுக்காரர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. முதல் நாள் அந்தக் கொட்டகைக்குள் இருந்த ஒருவரால் மட்டுமே படத்தை அப்படிச் சொல்ல முடியும். களவெடுத்த ஆள் இரண்டு நாளாக அதே ஊரில் நின்று கருவாடு விற்பானா என்றுகூட நான் யோசிக்கவில்லை. நாலு பத்து மணிக்கூட்டைக் கண்ட கண்ணுக்கு இது தெரியவில்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு மிளகாய்த் தோட்டத்துக்கு ஓடினேன். மிசின்காரர், மிசின் இல்லாததால், வாளியால் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"முதல் நாள் படத்தில கணக்கப்பிள்ளை எப்ப செத்தவர்? கலியாணத்துக்கு முன்னமோ பின்னமோ?"

அவர் வாளியை வைத்தார்.

"முன்னம்" என்றார். "செத்தவர் பிறகு வந்து சோறு போட்டவர். பிள்ளையளும் கேட்டதுகள், அதென்னப்பா எண்டு."

"அப்ப ஏன் காலமை வாய் திறக்கேல்லை?"

"நீங்கள் சொன்னனீங்கள்தானே, ஐயா. படிச்ச மனிசன், கவுண்மேந்து உத்தியோகத்தர். எனக்குத்தான் படம் விளங்கேல்லையாக்கும் எண்டு இருந்திட்டன்."

எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால்! ஏசுவதற்கு வாயெடுத்தேன்; வேப்பமரத்தடிக் கதிரை ஞாபகம் வந்தது. கதிரையில் இருந்து கேள்வி கேட்டவன் நான். நின்றவர்கள் எப்படி வாய் திறப்பார்கள்?

மறுநாள் முதல் பஸ்ஸில் நானும் மிசின்காரரும் ஏறினோம். ஒன்பது மணிக்குக் கோடு தொடங்கும். மாங்குளத்தில் இறங்கி வவுனியா பஸ்ஸில் மாறி ஏறினால், சாரதி தேத்தண்ணிக் கடையில் ஆறுதலாக இருந்து வாய்ப்பனைப் பிய்த்துத் தின்றுகொண்டிருக்கிறார். நான் போய் அவருக்கு முன்னால் நின்றேன். "என்ன, செத்தவீடோ?" என்று கேட்டார். "அதைவிடப் பெரிசு" என்றேன். அவர் பாதி வாய்ப்பனைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழும்பி வந்தார். வழி முழுக்க மிசின்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "என்னைப் பொய்க் கேசுக்குப் பிடிப்பாங்களோ?" எனக்கும் அது தெரியாது.

கோட்டு வளவுக்குள் நாங்கள் ஓடிப்போனபோது கருவாட்டுக்காரர் சுவரோடு குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர். இன்ஸ்பெக்டரிடம் நான் முழுவதையும் சொன்னேன். அவர் புருவத்தைச் சுருக்கினார்.

"பிழையாச் சொன்னபடியால்தான் அவர் சொன்னது சரி. அப்பிடியோ?"

"ஓம் ஐயா. பிழை விட்டது நான்."

அவர் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, மிசின்காரரைத் தனியாகக் கூப்பிட்டுப் படத்தைச் சொல்லச் சொன்னார். பிறகு கருவாட்டுக்காரரைக் கூப்பிட்டார். கால் மணித்தியாலம் ஆகியிருக்கும். உள்ளே யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. தனக்கு இவர்மேல் சந்தேகம் இல்லை என்று மிசின்காரர் கையெழுத்து வைத்தார். வழக்கு நீதவான்வரை போகவில்லை. மிசின் கடைசிவரை அகப்படவுமில்லை.

மூவரும் பஸ் நிலையத்துக்கு நடந்தோம். மிசின்காரர் தேத்தண்ணி சொல்லப் போனார். நானும் கருவாட்டுக்காரரும் அங்கே கிடந்த மரவாங்கில் இருந்தோம். அவர் கன்னத்தில் ஒரு வீக்கம் இருந்தது. அது எப்படி வந்தது என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அண்ணை" என்றேன். முந்தின நாள் வேப்பமரத்தடியில் அவரை நான் "இந்தாள்" என்றுதான் சொல்லியிருந்தேன்.

"படம் மாறினதுக்கு நீங்கள் என்ன செய்வியள், ஐயா" என்றார்.

பஸ் நிலையச் சுவரில் ஒரு பெரிய மணிக்கூடு இருந்தது. அவர் அதைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு மிசின்காரர் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நேற்று மணிக்கூட்டைப் பற்றிக் கேட்டனீங்கள். நான் அதைக் கண்டனான், ஐயா. சுவரில வட்டமாக் கிடந்தது. எனக்கு மணி பாக்கத் தெரியாது. அவ்வளவு சனத்துக்கு முன்னால அதைச் சொல்ல வெக்கமாக் கிடந்தது. அதுதான் பேசாமல் நிண்டனான்."